டிஷ்வாஷரைத் திறந்து காட்டிய அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,



இந்த மடலை நேராக உங்கள் கையிலேயே கொடுத்திருக்கலாம். இங்கே பினாங்கில், ஆயர் ஈத்தாம் பாசாரைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் உங்கள் வீடு வந்துவிடும். ஆனால் போன தடவை நான் நன்றி என்று வாயெடுத்ததுமே, "அதெல்லாம் எதுக்கு தங்கச்சி, இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு" என்று மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். பெயரை எங்கேயும் போடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். போடவில்லை. உங்களைப் போல ஒருவர் எங்கள் வட்டாரத்தில் இருக்கிறார் என்பது மட்டும் நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

2023 தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. முறுக்கு ஆர்டர், அச்சு முறுக்கு, நெய் உருண்டை என்று அடுப்படியில் நிற்க இடமில்லை. அன்று பார்த்து டிஷ்வாஷர் நின்றது. கதவைத் திறந்தால் அடியில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. பழைய ஆட்டுக்கறிக் குழம்பும் சோப்பும் கலந்த ஒரு நாற்றம். வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. எப்போது வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். 2017 என்றேன். "ஆறு வருஷமா? ஸ்பேர் கிடைக்காதும்மா, புதுசா வாங்கிடுங்க. இப்ப ஆஃபர் போயிட்டிருக்கு." அவ்வளவுதான். யாரும் வந்து பார்க்கவில்லை.

எங்கள் அடுக்குமாடியின் ஏழாவது மாடி சீன ஆண்டிதான் உங்கள் நம்பரைக் கொடுத்தார்.

நீங்கள் வந்து முதலில் செய்த காரியம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவர் என்று ஆண்டி சொல்லியிருந்தார். அதனால் நேராக ஸ்குரூ டிரைவரை எடுப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சுவரிலிருந்து மூன்று முள் பிளக்கைப் பிடுங்கி, என் உள்ளங்கையில் வைத்தீர்கள். "இது உங்க கையிலேயே இருக்கட்டும். நான் முடிச்சிட்டேன்னு சொல்ற வரைக்கும் கீழ வைக்காதீங்க." தண்ணீரும் கரண்டும் ஒன்றாக இருக்கிற இடத்தில் யாரோ மறதியாக பிளக்கைச் செருகிவிடக் கூடாது என்பதற்காக, அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்தீர்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒரு மணி நேரம் பிளக்கைப் பிடித்தபடி உங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

கோப்பிக் கோப்பையால் தண்ணீரை மொண்டு ஊற்றினீர்கள். மிச்சத்தை ஸ்பாஞ்சில் ஒற்றி எடுத்தீர்கள். கீழ்த் தட்டை எடுத்துவிட்டு, அடியில் இருந்த வடிகட்டியை இடப்பக்கமாகத் திருகித் தூக்கியபோது எனக்கு முகம் சுருங்கிப்போனது. கட்டை விரல் தடிமனுக்கு வெள்ளைக் கொழுப்பு. ஆறு வருஷமாக அதைக் கழற்றலாம் என்றே எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவும் இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ஆட்டுக் கொழுப்பு, தேங்காய்ப்பால் எல்லாம் சூட்டுல இளகும், ஆறினா கட்டியாயிடும். நம்ம வீட்டுச் சமையலுக்கு வாரம் ஒரு தடவை இதைக் கழுவணும்" என்றீர்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை என்னிடம் கேட்டு வாங்கி, வலையின் கண்களைத் தேய்த்துக் காட்டினீர்கள்.

அதற்கும் கீழே ஒரு சின்ன மூடி. அதைத் திறந்ததும் விரலை உள்ளே விட்டு மூன்று பொருளை எடுத்தீர்கள்: பல் குத்தும் குச்சி ஒன்று, கறிவேப்பிலை ஈர்க்கு ஒன்று, நகத்தளவு நண்டு ஓடு ஒன்று. அந்த நண்டு ஓடுதான் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பின் இறக்கையில் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "இப்ப நீங்க விரலை விட்டுச் சுத்திப் பாருங்க" என்றீர்கள்.

நான் தயங்கினேன். நீங்கள் காத்திருந்தீர்கள்.

சுற்றினேன். சின்ன இறக்கை வழவழவென்று சுற்றவில்லை. டக், டக் என்று விட்டுவிட்டுச் சுற்றியது. கெட்டுவிட்டதோ என்று பயந்து கையை எடுத்துவிட்டேன். "அப்படித்தான் இருக்கணும் தங்கச்சி. உள்ள காந்தம் இருக்கு, அது பிடிச்சுப் பிடிச்சு விடுது. எந்தப் பிடியும் இல்லாம சும்மா சுத்துச்சுன்னா அப்பத்தான் கவலைப்படணும்." ஐம்பத்து மூன்று வயதில் ஓர் இயந்திரத்தின் உள்ளே விரலை விட்டு, அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று நானே தெரிந்துகொண்டேன். எண்பது வெள்ளி வாங்கிக்கொண்டீர்கள். அன்று சாயங்காலமே எண்ணெய்ச் சட்டிகளை அடுக்கிக் கதவைச் சாத்தினேன்.

அண்ணே, நாலு மங்கு கழுவ மெஷின் எதற்கு என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்காகவே உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

என் அம்மா தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமாகி ஆயர் ஈத்தாமுக்கு வந்த பிறகு, பாசார் பக்கம் ஓர் ஒட்டுக்கடையில் பதினெட்டு வருஷம் மங்கு கழுவினார். தரையில் மூன்று பேசின் இருக்கும். எச்சிலை வழித்துப் போட்டு முதல் பேசின், சோப்புத் தண்ணீரில் இரண்டாவது, நல்ல தண்ணீரில் மூன்றாவது. குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்க முடியாது. விரல்நுனி எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். நகக்கண்ணில் சீழ் வைக்கும். பள்ளிக்கூடம் போகுமுன் எனக்குச் சடை பின்னுவார். அந்த விரல் வெடிப்புகளில் என் முடி மாட்டிக்கொண்டு சுருக்கென்று இழுக்கும். கடைசிக் காலத்தில் ரசம் சோற்றைக்கூட அவர் கையால் பிசைந்து சாப்பிட்டதில்லை. புளியும் மிளகாயும் வெடிப்பில் பட்டால் எரியும் என்று கரண்டியால்தான் சாப்பிட்டார். நம் வீட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அது எப்பேர்ப்பட்ட இழப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கும் அதே கைதான். பள்ளிக் கேண்டீன் எடுத்து நடத்தியபோது ஆரம்பித்தது. சோப்பிலும் தண்ணீரிலும் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்ட என் மகள், முதல் வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 2017-இல் இந்த மெஷினை வாங்கிப் போட்டாள். முதல் நாள் அது ஓடத் தொடங்கியதும் அம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டார். முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. உள்ளே தண்ணீர் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 2020-இல் அம்மா போய்விட்டார். புதிது வாங்கிக்கொள் என்று கடைக்காரர்கள் சொன்னபோது நான் ஏன் போனை வைத்துவிட்டு அழுதேன் என்பதற்கு இதுதான் காரணம். அதை உங்களிடம் அன்று சொல்ல வாய் வரவில்லை.

இந்த மெஷினுக்குப் பயன்படக்கூடிய உருவம் கொடுத்ததும் ஒரு பெண்மணிதான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் இருந்த ஜோசஃபின் கோக்ரன். கணவர் கடனை வைத்துவிட்டு இறந்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் உட்கார்ந்து, தட்டுகளையும் கோப்பைகளையும் அளந்து, அவற்றுக்கேற்பக் கம்பிக் கூண்டுகள் செய்து, அவற்றின் மேல் சோப்புத் தண்ணீர் வேகமாக அடிக்கும்படி ஓர் இயந்திரம் வடிவமைத்தார். 1886 டிசம்பர் 28-ஆம் தேதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் இயந்திரங்கள்தான் அங்கிருந்த உணவகங்களின் தட்டுகளைக் கழுவின. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. அந்த அம்மாவுக்கு ஒரு மெக்கானிக் துணை இருந்தார், ஜார்ஜ் பட்டர்ஸ் என்று பெயர். அந்தக் கொட்டகையில் அவர் பக்கத்தில் நின்று கட்டிக்கொடுத்த கை அது. இந்தக் கதையைப் படித்தபோது என் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்த உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவை நீங்கள் வரவே இல்லை. அதற்கு இன்னும் பெரிய நன்றி.

2024 ஜனவரி 10-ஆம் தேதி, சுங்கை டுவாவில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காகப் பினாங்கில் பல இடங்களில் தண்ணீரை நிறுத்தினார்களே, அந்த வாரம். வாளியும் தொட்டியுமாக ஓட்டினோம். தண்ணீர் திரும்பியபோது எங்கள் பழைய அடுக்குமாடியின் மேல்தொட்டி அடியில் கிடந்த வண்டலெல்லாம் கலங்கி இறங்கியது. மெஷின் தண்ணீரே இழுக்காமல் முனகியது. உங்களுக்குப் போன் போட்டேன். "நான் பட்டர்வொர்த்ல இருக்கேன். நீங்களே பார்த்திடலாம். பிளக் எங்க இருக்கு?" "என் கையில" என்றேன். நீங்கள் சிரித்தது காதில் கேட்டது. குழாயை மூடச் சொன்னீர்கள். ஹோஸைக் கழற்றச் சொன்னீர்கள். அது மெஷினில் சேரும் இடத்தில் சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு வலை இருக்கும், குறடால் மெல்ல இழுங்கள் என்றீர்கள். துருவும் மணலும் அப்பிக் களிமண் போல வந்தது. கழுவி மாட்டினேன். ஓடியது. பிள்ளைகள் வந்த பிறகு ஒவ்வொருவரிடமும் இதைச் சொன்னேன்.

நம் ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது, ஆயர் ஈத்தாம், கறுப்புத் தண்ணீர். கெக் லோக் சி கோயிலுக்கு மேலே 1962-இல் கட்டிய அணை இருக்கிறது. கொடிமலையிலிருந்து இறங்கும் ஓடைகள் இருக்கின்றன. பட்டணத்துப் பக்கம் இறங்கினால் நம் சலவைத் தொழிலாளர்கள் ஆற்றோரம் துணி துவைத்த தோபி காட் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்த எனக்கு, நம் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை நீங்கள்தான் சொன்னீர்கள். சுண்ணாம்புச் சத்து குறைவான, மென்மையான தண்ணீர். சென்னையில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் போர்வெல் தண்ணீர். கண்ணாடி டம்ளரெல்லாம் வெள்ளை பூத்துப் போகிறது என்று புலம்புவார். நான் அதைக் கேட்டுவிட்டு இங்கே மெஷினில் மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டிக்கொண்டிருந்தேன். மெஷினுக்குள் இருக்கும் பிசின் மணிகள் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர் அந்த மணிகளை அலசி மறுபடி வேலைக்குத் தயாராக்கும். கடின நீர் இருந்தால்தான் அதற்கு நிறைய உப்பு வேண்டும் என்று விளக்கி, அளவைக் கீழே இறக்கி வைத்தீர்கள். நாத்தனாருக்கும் சொல்லி அனுப்பினேன். அவர் வீட்டில் மேலே ஏற்ற வேண்டியிருந்தது. சமையல் உப்பைப் போடக் கூடாது, அதில் அயோடினும் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொடியும் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மூன்றாவது சம்பவம் என் மருமகன் பையன் செய்தது. டிஷ்வாஷர் மாத்திரை தீர்ந்துபோனதால் சிங்க்கில் வைத்திருந்த பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றிவிட்டான். நுரை கதவிடுக்கு வழியே தரைக்கு வந்தது. மெஷின் நின்றுவிட்டது. பம்ப் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். நீங்கள் வந்து கீழ்ப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினீர்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் ஒரு மிதவை எழும்பி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தண்ணீரை வெளியேற்ற மட்டும் பம்பை ஓட வைக்கும் என்றீர்கள். பழைய பனியன் துணியால் அந்தத் தண்ணீரை ஒற்றி எடுத்ததும் மிதவை இறங்கியது. "மெஷின் கெட்டுப்போகலை தங்கச்சி. வீடு நனையக் கூடாதுன்னு அது வேலையை அது பார்த்திருக்கு." பையனைத் திட்ட விடவில்லை. அவனையே கூப்பிட்டு உட்கார வைத்து அந்த மிதவையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். பின்தகட்டில் ஒட்டியிருந்த இரண்டு பல்லி முட்டைகளையும் அவனிடம்தான் காட்டினீர்கள். வெதுவெதுப்புக்குப் பல்லி வரும், சர்க்யூட் போர்டில் ஏறினால் அதுவும் சாகும் போர்டும் போகும் என்று சொன்னதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அன்று காசும் வாங்கவில்லை.

உங்களைப் பார்த்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் எஸ்.எம். முகமது இட்ரிஸ் நினைவுதான் வரும். தமிழ்நாட்டில் பிறந்து இங்கே வளர்ந்தவர். வெள்ளை உடுப்பில் எளிமையாக வாழ்ந்து 2019 மே மாதம் மறைந்தார். அவர் சங்கம் தமிழிலும் பத்திரிகை நடத்தியது. வாங்குவதற்கு முன் யோசி, வீசுவதற்கு முன் யோசி என்கிற எண்ணம் எங்கள் தலைமுறைக்கு அங்கிருந்து வந்தது. ஸ்பேர் கிடைக்காது என்று ஒருவர் போனில் சொன்னால் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்பதையும் உங்களால் தேடித் தெரிந்துகொண்டேன். நம் நாட்டின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், பழுதுபார்க்கும் வசதியும் உதிரி பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் தானாகவே அடங்கியிருக்கிறது. கிடைக்காது என்று விற்கும்போதே சொல்லிவிட்டால்தான் அது செல்லாது. ஆகவே வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்னும் தெளிவாக எழுதிவிட்டார்கள். 2021 மார்ச் முதல், டிஷ்வாஷரின் மோட்டார், பம்ப், ஹீட்டர் போன்றவை பழுதுபார்ப்பவர்களுக்கு ஏழு வருஷம் கிடைக்க வேண்டும். கதவு ரப்பர், தண்ணீர் தெளிக்கும் கை, வடிகட்டி, கூடை போன்றவை வீட்டுக்காரருக்கே பத்து வருஷம் கிடைக்க வேண்டும். அந்த மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கணக்கு. நமக்கும் அப்படி எழுதி வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதுவரைக்கும் உங்களைப் போன்றவர்கள் பழைய மெஷின்களிலிருந்து கழற்றிப் பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கும் பம்புகளும் ரப்பர்களும்தான் எங்களுக்கு ஆதரவு.

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் நடக்கிறது. தட்டை அலசுவதில்லை, வழித்துப் போடுகிறேன். மாத்திரையில் இருக்கும் நொதிகளுக்கு வேலை வேண்டும் என்று சொன்னீர்களே. தெளிக்கும் கையின் துளைகளை மாதம் ஒருமுறை ஊசியால் குத்திவிடுகிறேன். ஒரு தடவை கடுகு இருந்தது, ஒரு தடவை சீரகம். கதவு ரப்பரின் மடிப்பை ஈரத்துணியால் துடைக்கிறேன். ஆட்டுக்கறி சமைத்த நாளில் சூடு அதிகமுள்ள ஓட்டத்தில்தான் போடுகிறேன். அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கையும் இரும்புத் தோசைக்கல்லையும் அலுமினியச் சட்டியையும் உள்ளே வைப்பதில்லை. அவற்றை மகள் கழுவிக்கொடுக்கிறாள்.

போன மாதம் ஏழாவது மாடி ஆண்டி வீட்டு மெஷினில் தண்ணீர் நின்றுவிட்டது. உங்களைக் கூப்பிடலாம் என்றார். முதலில் நான் பார்க்கிறேன் என்று பழைய துண்டு, பிரஷ், கோப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி ஆண்டியின் கையில் வைத்தேன். பம்ப் வாயில் ஒரு மீன்முள் இருந்தது. எடுத்துவிட்டு, ஆண்டியின் விரலைப் பிடித்து உள்ளே விடச் சொன்னேன். அவரும் என்னைப் போலவே பயந்து கையை இழுத்துக்கொண்டார். நான் காத்திருந்தேன்.

என் கை இப்போது ஆறிவிட்டது அண்ணே. ரசம் சோற்றைப் பிசைந்துதான் சாப்பிடுகிறேன்.

அச்சு முறுக்கு ஒரு டின் உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாசாருக்கு வரும்போது அண்ணியையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறி வாருங்கள். டூல் பாக்ஸ் வேண்டாம், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மங்கு கழுவ யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை.


ஒன்பதாவது மாடித் தங்கச்சி
ஆயர் ஈத்தாம், பினாங்கு